அலுவலக ஆவணங்களை எத்தனை வருடம் வைப்பது, எப்போது அழிப்பது: ஷேர்பாயின்ட்டில் ரிட்டென்ஷன் பாலிசி அமைக்க முழுமையான வழிகாட்டி

எந்த ஆவணத்தை எவ்வளவு காலம் வைத்து, எப்போது அழிப்பது என்ற விதிதான் ரிட்டென்ஷன் பாலிசி. அதை அமைக்கும் வேலை பெரும்பாலும் ஐ.டி. பிரிவின் தலையில்தான் வந்து விழுகிறது. திரையில் செய்ய வேண்டியது அரை நாள் வேலைதான். ஆனால் அந்த அரை நாளில் எடுக்கும் முடிவு சரியா தவறா என்பது எட்டு, பத்து வருடம் கழித்துத்தான் தெரியவரும். அப்போது அதை அமைத்தவர் அந்த கம்பெனியில் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் இதை அவசரப்படாமல், சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டி வைத்துச் செய்ய வேண்டும்.

இந்தியாவில் நடக்கும் ஒரு நடுத்தர பிரைவேட் லிமிடெட் கம்பெனியை மனதில் வைத்து எழுதுகிறேன். மைக்ரோசாஃப்ட் 365 இருக்கிறது. கோப்புகள் ஷேர்பாயின்ட்டிலும் ஒன்டிரைவிலும் இருக்கின்றன. பேச்சுவார்த்தை டீம்ஸில் நடக்கிறது. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் முதல் பாதி அப்படியே பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சட்டமே சொல்லிவிடும். அந்த வருடங்களை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பாலிசிகள் சறுக்குகின்றன. இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: யார் முடிவு செய்கிறார்கள் என்பதை எழுத்தில் வையுங்கள்

ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி, ஹெச்.ஆர். தலைவர், சட்ட ஆலோசகர், ஐ.டி. அட்மின். இந்த ஐந்து பேர் ஒரு மேசையில் உட்கார வேண்டும். சிறிய கம்பெனியில் இவர்களில் இரண்டு பேர் வெளியாட்களாக இருக்கலாம், பரவாயில்லை. ஒவ்வொரு ஆவண வகைக்கும் ஒரு பொறுப்பாளரைக் குறியுங்கள். பர்ச்சேஸ் ஆர்டருக்கு பர்ச்சேஸ் மேனேஜர், சம்பளப் பதிவேட்டுக்கு ஹெச்.ஆர். என்று. காலம் முடிந்ததும் ‘அழிக்கலாம்’ என்று சொல்லும் அதிகாரம் அந்தப் பொறுப்பாளருடையது. ஐ.டி. அட்மின் அதைச் செயல்படுத்துபவர் மட்டுமே.

பொறுப்பாளரை ஆளின் பெயரால் குறிக்காமல் பதவியால் குறியுங்கள். ஆட்கள் மாறினாலும் அட்டவணை நிற்கும்.

படி 2: என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்

இங்கே பலரும் ஃபோல்டர் பட்டியலை எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். ஃபோல்டர்கள் ஒவ்வொருவர் வசதிக்கு வளர்ந்தவை. அதை வைத்து எண்ணினால் நூற்றுக்கணக்கில் வரும். பிரிவு வாரியாகப் போய், ‘இந்த ஆவணத்தை யாராவது திரும்பக் கேட்டால், யார் கேட்பார்கள், எதற்குக் கேட்பார்கள்?’ என்று கேளுங்கள். வருமான வரி அதிகாரியா, பழைய ஊழியரா, வெளிநாட்டு வாங்குபவரின் ஆடிட்டரா, வக்கீலா? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் வரும் ஆவணங்கள் எல்லாம் ஒரே வகை.

இப்படிச் செய்தால் 12 முதல் 15 வகைக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் போனால் குறையுங்கள். 40 லேபிளை (கோப்பின் வகையைக் குறிக்கும் அடையாளத்தை) காட்டி ஊழியரிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அவர் முதலில் இருப்பதைத்தான் அழுத்துவார்.

யாரும் கேட்க மாட்டார்கள் என்ற பதில் வரும் குவியல் ஒன்று கட்டாயம் இருக்கும். வரைவுகள், ஒரே கோப்பின் ஆறு பிரதிகள், பழைய டிரெயினிங் படங்கள், மெயிலில் வந்ததை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இறக்கி வைத்தவை எல்லாம் அதில் வரும். அதற்கும் ஒரு வகை வையுங்கள், குறுகிய காலத்தோடு. தேவையில்லாதவற்றை அகற்றவும் சேர்த்துத்தான் இந்தப் பாலிசி.

படி 3: காலத்தைக் குறியுங்கள்

சட்டம் சொல்வதை முதலில் எழுதிக்கொள்வோம்.

கணக்குப் புத்தகங்களும் அதற்கான வவுச்சர்களும்: கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128(5) படி, நடப்பு நிதியாண்டுக்கு முந்தைய எட்டு நிதியாண்டுகளுக்கு உரியவை கைவசம் இருக்க வேண்டும். விசாரணைக்கு உத்தரவு வந்திருந்தால் இன்னும் அதிக காலம் வைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு.

ஜிஎஸ்டி பதிவுகள்: சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 36 படி, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம். அப்பீல், விசாரணை ஏதாவது நடந்தால் அது முடிந்து ஒரு வருடம் வரை, அல்லது இந்த 72 மாதம், இதில் எது பிந்தியதோ அது.

போர்டு மீட்டிங், பொதுக்குழு மினிட்ஸ்: நிரந்தரம். உறுப்பினர் பதிவேடும் அப்படித்தான்.

சலுகை வரியில் இறக்குமதி செய்பவர்கள், பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதற்கான ஆதாரங்களை பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்காகச் சுங்கத் துறையில் கொடுக்கும் படிவம்) தாக்கல் செய்த நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் வைக்க வேண்டும். 2020-இல் வந்த விதி இது.

ஒப்பந்தங்களுக்கு நேரடியாக ஒரு எண் இல்லை. காலவரையறைச் சட்டம் 1963 படி ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட 3 வருடம். அதனால் ஒப்பந்தம் முடிந்த பிறகு குறைந்தது அந்த 3 வருடமாவது கையில் இருக்க வேண்டும். அதே ஒப்பந்தம் ஒரு பில்லுக்கு ஆதாரமாகவும் இருக்கும் என்பதால், முடிந்த நாளிலிருந்து 9 வருடம் என்று வைத்துவிட்டால் கணக்குப் பக்கத்துக்கும் சேர்த்துப் போதும் என்பது என் கருத்து. நிலம், கட்டடப் பத்திரங்களில் சுவாதீன வழக்குக்கு (சொத்தைத் தன் வசம் கேட்டுப் போடும் வழக்கு) 12 வருடம் என்பதை நினைவில் வையுங்கள். விற்ற பிறகும் அவ்வளவு காலம் தேவைப்படலாம்.

ஊழியர் கோப்புதான் சிக்கலானது. அதில் இரண்டு எதிரெதிர் இழுப்புகள் இருக்கின்றன. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பி.எஃப். எண், கடைசிச் சம்பளம் போன்ற விவரங்களைக் கேட்டு ஒருவர் இருபது வருடம் கழித்தும் வருவார், பென்ஷனுக்காக. அவரைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை. அதே கோப்பில் அவருடைய ஆதார் நகல், மருத்துவச் சான்று, பழைய பேங்க் பாஸ்புக் பக்கம் எல்லாம் கிடக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பிரிவு 8(7) படி, எந்த நோக்கத்துக்காக வாங்கினோமோ அது முடிந்ததும், வேறு சட்டம் வைக்கச் சொல்லாத பட்சத்தில், அழித்துவிட வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

ஆகவே ஊழியர் கோப்பை ஒரே லேபிளில் போடாதீர்கள். இரண்டாகப் பிரியுங்கள். பணிக்காலச் சுருக்கம் ஒரு பக்கம்; அதை நீண்ட காலம் வையுங்கள். அடையாள நகல்களும் மருத்துவக் காகிதங்களும் இன்னொரு பக்கம். விலகிக் கணக்கு முடித்த பிறகு சீக்கிரம் போகட்டும். வேலைக்கு எடுக்காத விண்ணப்பதாரர்களின் பயோடேட்டாவை ஒரு வருடத்துக்கு மேல் வைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. வேலையும் கொடுக்காமல், அவருடைய வீட்டு முகவரியையும் பிறந்த தேதியையும் பத்து வருடம் நம் சர்வரில் வைத்திருப்பது சரியல்ல.

படி 4: எந்த நாளிலிருந்து எண்ணுவது

ஒரு வவுச்சரை எடுத்துக்கொள்வோம். தேதி 5 ஏப்ரல் 2024. நிதியாண்டு 2024-25. ‘8 வருடம், உருவாக்கிய நாளிலிருந்து’ என்று பாலிசி வைத்தால் அது 5 ஏப்ரல் 2032 அன்று அழிக்கத் தயாராகிவிடும். சட்டம் என்ன சொல்கிறது? 2032-33 நிதியாண்டில் இருந்துகொண்டு பின்னோக்கி எட்டு நிதியாண்டு எண்ணினால் 2031-32-இல் தொடங்கி 2024-25 வரை போகிறது. அதாவது 31 மார்ச் 2033 வரை அந்த வவுச்சர் இருந்தாக வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடம் முன்னாலேயே அழிந்துவிடுகிறது. எண் சரி, தொடக்கம் தவறு.

இதற்கு இரண்டு வழி உண்டு. நிதியாண்டு முடியும் நாளான 31 மார்ச் 2025-ஐத் தொடக்கமாக வைத்து 8 வருடம் கொடுப்பது ஒன்று, அது துல்லியம். இல்லையென்றால், உருவாக்கிய நாளிலிருந்து 9 வருடம் என்று வைப்பது. நிதியாண்டுக்கு முன்பே உருவான பர்ச்சேஸ் ஆர்டர் போன்றவையும் சேர வேண்டுமென்றால் 10 என்று வையுங்கள். அதே வருடத்துக்கு ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன் கடைசி நாள் 31 டிசம்பர் 2025 என்றால் அதிலிருந்து 72 மாதம் 31 டிசம்பர் 2031-இல் முடிகிறது. அது உள்ளேயே அடங்கிவிடும்.

அடுத்தது வாடகை ஒப்பந்தம். 2016-இல் ஒன்பது வருடத்துக்குக் கையெழுத்தானது. ‘உருவாக்கிய நாளிலிருந்து 8 வருடம்’ என்றால், ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே, 2024-இல் கோப்பு போய்விடும். ஒப்பந்தம், காப்பீடு, ஊழியர் கோப்பு, புராஜெக்ட் ஆவணம் போன்றவற்றுக்கு உருவாக்கிய தேதி பயன்படவே படாது. முடிந்த தேதிதான் தொடக்கம்.

மூன்றாவது, ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய காகிதங்கள். 2015-ஆம் வருட வவுச்சரை 2024-இல் ஏற்றினால், ஷேர்பாயின்ட்டுக்கு அது 2024-இல் பிறந்த கோப்பு. ஒன்பது வருடம் கூடுதலாகத் தங்கும். ‘கடைசியாகத் திருத்திய நாளிலிருந்து’ என்று வைத்தாலும் ஒரு வம்பு இருக்கிறது: யாராவது திறந்து ஏதாவது மாற்றிச் சேமித்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். எல்லோரும் புழங்கும் லைப்ரரியில் (ஷேர்பாயின்ட்டில் கோப்புகள் இருக்கும் இடம்) அப்படிப்பட்ட கோப்புகள் ஒருநாளும் காலாவதி ஆகாது.

ஆகவே உங்கள் அட்டவணையில் ‘எத்தனை வருடம்’ என்ற பத்திக்குப் பக்கத்திலேயே ‘எதிலிருந்து’ என்று ஒரு பத்தி போடுங்கள். அதற்குப் பக்கத்தில் ‘அந்தத் தேதி நமக்கு எங்கிருந்து தெரியும்’ என்று இன்னொன்று. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்த வகைக்குத் தானியங்கி அழிப்பு வேண்டாம்.

படி 5: வழக்கு வந்தால் நிறுத்தும் வழி

பாலிசியை இயக்கும் முன்பே லீகல் ஹோல்டு நடைமுறை தயாராக இருக்க வேண்டும். நோட்டீஸ் வந்தாலோ, வரும் என்று தெரிந்தாலோ, சம்பந்தப்பட்ட ஆவணங்களின் அழிப்பு அந்த நிமிடமே நிற்க வேண்டும். அமெரிக்காவின் என்ரான் கம்பெனி விவகாரத்தில் அதன் ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் சிக்கியது இந்த இடத்தில்தான். 2001-இல் விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தபோது ‘நம் ஆவணப் பாலிசியைப் பின்பற்றுங்கள்’ என்று ஊழியர்களுக்கு நினைவூட்டல் போனது. டன் கணக்கில் காகிதங்கள் துண்டாக்கப்பட்டன. 2002-இல் தண்டனை. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குள் அந்த நிறுவனத்தின் தொழில் போய்விட்டிருந்தது. நம் நாட்டிலும், சாட்சியமாக வராமல் தடுக்க ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 241 படி குற்றம்.

நடைமுறை எளிதாக இருக்கட்டும். சட்ட ஆலோசகர் ஒரு மெயில் அனுப்புகிறார். அட்மின் இ-டிஸ்கவரியில் (வழக்குக்கான ஆவணங்களைத் தேடி நிறுத்தி வைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) ஒரு கேஸ் திறந்து, சம்பந்தப்பட்ட மெயில்பாக்ஸ்களையும் சைட்களையும் ஹோல்டில் போடுகிறார். போட்டதை எழுத்தில் உறுதி செய்கிறார். ஹோல்டை எடுக்கவும் அதே மாதிரி எழுத்து வேண்டும். எடுக்கும் பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எப்போதோ முடிந்த வழக்குக்காக முழு மெயில்பாக்ஸும் உறைந்து கிடக்கும்.

படி 6: பாலிசியா, லேபிளா

இனி மைக்ரோசாஃப்ட் பர்வியூ, அதாவது மைக்ரோசாஃப்ட் 365-இல் இந்த விதிகளை அமைக்கும் தளம். இதில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ரிட்டென்ஷன் பாலிசி ஒரு சைட் முழுவதற்கும், ஒரு மெயில்பாக்ஸ் முழுவதற்கும் மொத்தமாகப் பொருந்தும். ரிட்டென்ஷன் லேபிள் தனித்தனிக் கோப்பில் ஒட்டும். ஒரு கோப்பில் ஒரு நேரத்தில் ஒரு லேபிள்தான் இருக்கும். பாலிசிகள் எத்தனை வேண்டுமானாலும் மேலே படியலாம். கோப்பை வேறு சைட்டுக்கு நகர்த்தினால் லேபிள் கூடவே போகும்; பாலிசி போகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் லைசென்ஸுக்கும் பங்கு உண்டு. லைப்ரரிக்கு டீஃபால்ட் லேபிள், தானாக லேபிள் ஒட்டுவது, ஒப்பந்தம் முடிவது போன்ற நிகழ்வை வைத்து எண்ணுவது, அழிக்கும் முன் மனிதர் பார்த்து ஒப்புதல் தருவது ஆகியவற்றுக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் 365-இன் உயர்நிலையான இ5 அளவிலான லைசென்ஸ் தேவை. உங்களிடம் இருப்பதை முதலில் பாருங்கள்.

அதற்குக் கீழ்நிலையான இ3 மட்டும் இருந்தால் நான் சொல்வது இது: ஆவண வகைக்கு ஒரு சைட். கணக்குக்கு ஒன்று, ஒப்பந்தத்துக்கு ஒன்று, ஊழியர் கோப்புக்கு ஒன்று. ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு பாலிசி. ஒப்பந்தங்களுக்கு ‘நடப்பு’, ‘முடிந்தவை’ என்று இரண்டு சைட் வைத்து, நடப்பு சைட்டில் அழிப்பே இல்லாத பாலிசி போடுங்கள். முடிந்த ஒப்பந்தத்தைப் பொறுப்பாளர் நகர்த்தும்போது கையால் ஒரு லேபிள் ஒட்டட்டும். லேபிளின் காலம் ‘ஒட்டிய நாளிலிருந்து’ என்று இருக்கட்டும். முடிந்த தேதி அப்போது தானாகவே கணக்கில் வந்துவிடுகிறது. கொஞ்சம் கைவேலைதான், ஆனால் நம்பகமானது.

படி 7: லேபிளை உருவாக்குங்கள்

அட்மினுக்கு கம்ப்ளையன்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் பொறுப்பு இருந்தால் போதும். குளோபல் அட்மின் வேண்டியதில்லை. பர்வியூ தளத்தில் டேட்டா லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போங்கள். நிகழ்வும் ஒப்புதலும் தேவையென்றால் ரெக்கார்ட்ஸ் மேனேஜ்மென்ட் பகுதிக்கு. அங்கே புதிய லேபிள்.

பெயரை யோசித்து வையுங்கள், பிறகு மாற்ற முடியாது. ‘கணக்கு – வவுச்சர் – நிதியாண்டு முடிவு’ என்று ஊழியருக்குப் புரிகிற பெயராக இருக்கட்டும். வருட எண்ணைப் பெயரில் போடாதீர்கள். சட்டம் மாறி எண் மாறினால் பெயர் பொய்யாகிவிடும்.

அப்புறம் காலம், தொடக்கம், முடிவில் என்ன செய்வது. இங்கேதான் படி 4-இல் போட்ட உழைப்பு வேலை செய்யும். லேபிளைச் சேமித்த பிறகு கால அளவை மாற்றலாம், ஆனால் எதிலிருந்து எண்ணுவது என்பதை மாற்ற முடியாது. ‘ஒட்டிய நாளிலிருந்து’ என்று வைத்த லேபிளில் கால அளவையும் மாற்ற முடியாது. தவறென்று பின்னால் தெரிந்தால் புதிய லேபிள் செய்து ஒவ்வொரு கோப்பிலும் மாற்றி ஒட்ட வேண்டிவரும்.

நிகழ்வு வகையைப் பயன்படுத்தினால் ஒரு எச்சரிக்கை. ‘ஒப்பந்தம் முடிவு’ என்று ஒரு நிகழ்வு வகை செய்து லேபிளோடு இணைக்கிறீர்கள். ஒவ்வொரு ஒப்பந்தக் கோப்பிலும் அசெட் ஐ.டி. என்ற பத்தியில் ஒப்பந்த எண்ணை நிரப்ப வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் பர்வியூவில் அந்த எண்ணைக் கொடுத்து, முடிந்த தேதியோடு நிகழ்வைப் பதிவு செய்கிறீர்கள். அந்த எண் உள்ள கோப்புகளுக்கு மட்டும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். எண்ணைக் கொடுக்காமல் நிகழ்வைப் பதிவு செய்தால், அந்த வகை லேபிள் உள்ள எல்லா ஒப்பந்தங்களுக்கும் அதே தேதி விழும். இந்தத் திரையில் அட்மின் தனியாக உட்காரக் கூடாது; பக்கத்தில் பொறுப்பாளரும் இருந்து எண்ணைப் படித்துச் சொல்லட்டும்.

‘ரெக்கார்டு’ என்று குறிப்பது, ‘ரெகுலேட்டரி ரெக்கார்டு’ என்று குறிப்பது என இன்னும் இரண்டு கடினமான வழிகள் உண்டு. இரண்டாவதை ஒட்டிவிட்டால் குளோபல் அட்மினாலும் எடுக்க முடியாது. பிரிசர்வேஷன் லாக்கும் அப்படித்தான். போட்ட பிறகு பாலிசியைத் தளர்த்தவோ அணைக்கவோ முடியாது. ஒழுங்குமுறை அமைப்பு ஏதாவது குறிப்பாகக் கேட்டிருந்தால் தவிர இவற்றைத் தொட வேண்டாம்.

படி 8: சோதித்துப் பார்த்து வெளியிடுங்கள்

தனியாக ஒரு சோதனை சைட் தொடங்கி, ஒரு நாள் கால அளவில் ஒரு சோதனை லேபிள் செய்து, கோப்பை ஏற்றி, ஒட்டி, அழித்து, மீட்டுப் பாருங்கள். பாலிசியும் லேபிளும் நடைமுறைக்கு வர 7 நாள் வரை ஆகலாம். உடனே தெரியவில்லை என்று மறுபடி மறுபடி செய்யாதீர்கள்.

உண்மையான சைட்டில் முதலில் ‘வைத்திரு’ என்பதை மட்டும் இயக்குங்கள். ‘வைத்திருந்து அழி’ பிறகு. காரணம் இருக்கிறது. ‘9 வருடம் ஆனவற்றை அழி’ என்று பழைய சைட் ஒன்றில் இயக்கினால், பத்து வருடக் கோப்புகள் எல்லாம் முதல் சுற்றிலேயே அழிப்பு வரிசைக்கு வந்துவிடும். பாலிசி இன்றைக்குப் பிறந்தாலும் கோப்பின் வயதைத்தான் அது பார்க்கிறது. அந்தப் பழையவற்றின் பட்டியலை எடுத்துப் பொறுப்பாளர்களிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கிவிட்டு அழிப்பை இயக்குங்கள்.

பல விதிகள் ஒரே கோப்பின் மேல் படிந்தால் பர்வியூ இப்படி முடிவு செய்கிறது: அழி என்று ஒன்றும் வைத்திரு என்று ஒன்றும் சொன்னால் வைத்திரு ஜெயிக்கும். இரண்டு வைத்திரு இருந்தால் நீண்டது ஜெயிக்கும். அழிப்பு எப்போது என்பதில், கோப்பில் நேரடியாக ஒட்டிய லேபிள் பொதுவான பாலிசியை முந்தும். கடைசியாக, இரண்டு பொதுப் பாலிசிகள் அழிக்கச் சொன்னால் குறுகியது ஜெயிக்கும். கூகுளின் இதே மாதிரிக் கருவியான வால்ட்டில் இது வேறு மாதிரி. அங்கே நீங்கள் தனியாக எழுதிய விதி, டீஃபால்ட் விதி எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் அதை முந்திவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 9: அழித்த கோப்பு எங்கே போகிறது

ஊழியர் ஒருவர் காலம் முடியாத கோப்பை அழித்தால், அவர் கண்ணுக்கு அது போய்விடும். ஆனால் ஒரு பிரதி பிரிசர்வேஷன் ஹோல்டு லைப்ரரி என்ற மறைவான இடத்தில் இருக்கும். சைட் அட்மினுக்குத்தான் அது தெரியும். திருத்தினாலும் பழைய வடிவம் பத்திரமாக இருக்கும். இந்தச் சேமிப்பு அந்த சைட்டின் இடக்கணக்கில்தான் சேரும். மொத்தமாக ஒரு டெனன்டுக்கு (ஒரு கம்பெனியின் மொத்த மைக்ரோசாஃப்ட் 365 அமைப்புக்கு) 1 டி.பி.யும், ஒரு லைசென்ஸுக்கு 10 ஜி.பி.யும்தான் ஷேர்பாயின்ட் தருகிறது. வீடியோக்களும் டிசைன் கோப்புகளும் நிறைந்த சைட்டில் நீண்ட பாலிசி போட்டால் இடம் வேகமாகத் தீரும். அவற்றைத் தனி சைட்டுக்கு மாற்றிக் குறுகிய பாலிசி போடுங்கள்.

காலம் முடிந்த கோப்பும் உடனே மறைந்துவிடாது. ரீசைக்கிள் பின் வழியாகத்தான் போகும். அங்கே மொத்தம் 93 நாள். தவறு தெரிந்தால் மீட்க இதுதான் கடைசி வாய்ப்பு.

படி 10: ஒப்புதல் வாங்கி அழிப்பது

டிஸ்போசிஷன் ரிவ்யூ (அழிக்கும் முன் மனிதர் பார்த்து ஒப்புதல் தரும் வசதி) இருந்தால், காலம் முடிந்தவை பொறுப்பாளரின் வரிசையில் வந்து நிற்கும். அவர் அழிக்கலாம், நீட்டிக்கலாம், வேறு லேபிள் மாற்றலாம். எல்லா வகைக்கும் இதைப் போடாதீர்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தால் யாரும் பார்க்காமல் மொத்தமாக அழுத்திவிடுவார்கள். அப்புறம் அந்த ஒப்புதலுக்கு மதிப்பே இல்லை. ஒப்பந்தம், சொத்து, ஊழியர் கோப்பு ஆகிய மூன்றுக்கும் போதும். வவுச்சர்கள் தானாகவே போகட்டும்.

அழித்ததற்கான சான்றை பர்வியூ 7 வருடம் வரை வைத்திருக்கும். சாதாரண ஆடிட் லாக் 180 நாள்தான். ஆகவே அழித்தவற்றின் பட்டியலை, கோப்பின் பெயர், வகை, தேதி, ஒப்புதல் தந்தவர் என்ற விவரங்களோடு, ஒவ்வொரு காலாண்டும் இறக்கி நிரந்தரமாக வையுங்கள். ‘அந்தக் காகிதம் எங்கே?’ என்று அதிகாரி கேட்டால், ‘இந்தத் தேதியில், இந்த விதிப்படி அழித்தோம்’ என்று காட்ட முடிய வேண்டும்.

படி 11: ஓரங்களில் ஒளிந்திருப்பவை

டீம்ஸ் செய்திகளுக்குத் தனிப் பாலிசி வேண்டும்; ஷேர்பாயின்ட் பாலிசி அவற்றைத் தொடாது. சானல் செய்தி ஒன்று, தனி உரையாடல் ஒன்று என்று இரண்டு இடங்கள். அதில் பகிர்ந்த கோப்புகளோ ஷேர்பாயின்ட்டிலும் ஒன்டிரைவிலும் இருக்கும். அவற்றுக்கு அங்கே உள்ள விதி.

விலகிய ஊழியரின் ஒன்டிரைவ், அவர் கணக்கை நீக்கிய பிறகு டீஃபால்டாக 30 நாள்தான் நிற்கும். ஹெச்.ஆர். விடுவிப்புப் படிவத்தில் ‘ஒன்டிரைவ் கோப்புகள் மேலாளரிடம் ஒப்படைக்கப்பட்டன’ என்று ஒரு வரி சேருங்கள். ஒரே ஒரு வரிதான், ஆனால் பல வருட வேலையைக் காப்பாற்றும்.

ஸ்கேன் செய்த காகிதங்களில், முத்திரைத்தாள் ஒப்பந்தங்களையும் சொத்துப் பத்திரங்களையும் அசலாகவே வையுங்கள். மின்னணுப் பதிவுகளுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 7 சொல்வது: உருவான வடிவிலேயோ, அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலேயோ இருக்க வேண்டும், பிறகு திறந்து பார்க்க முடிய வேண்டும், எங்கிருந்து வந்தது, எங்கே போனது, தேதி, நேரம் தெரிய வேண்டும். பழைய சர்வரிலிருந்து ஷேர்பாயின்ட்டுக்கு மாற்றும்போது அசல் தேதிகளைக் காக்கும் கருவியையே பயன்படுத்துங்கள்; இழுத்துப் போட்டால் எல்லாமே இன்றைய தேதிக்கு மாறிவிடும்.

பேக்கப் தனி. வேறு நிறுவனத்தின் பேக்கப் சேவையில் பிரதிகள் இருந்தால், ஷேர்பாயின்ட்டில் அழித்தது அங்கே உயிரோடு இருக்கும். அந்தப் பிரதிகளுக்கும் காலம் வையுங்கள். அட்டவணையில் அதற்கும் ஒரு வரி.

படி 12: வருடத்துக்கு ஒரு நாள்

ஏப்ரல் மாதத்தில், நிதியாண்டு முடிந்த கையோடு, அதே ஐந்து பேரும் மறுபடி உட்காருங்கள். சட்டத்தில் மாறியது என்ன, புதிதாக வந்த ஆவண வகை என்ன, திறந்தே கிடக்கும் ஹோல்டுகள் எவை என்று பாருங்கள். ஒவ்வொரு வகையிலும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கோப்புகளை எடுத்து, லேபிள் சரியா, தொடக்கத் தேதி சரியா என்று சரிபாருங்கள். தேதி தவறாக இருக்கும் கோப்பு ஒன்று கிடைத்தால் அந்த லைப்ரரி முழுவதையும் பார்க்க வேண்டும்; பெரும்பாலும் ஒரே நாளில் மொத்தமாக ஏற்றியவையாக இருக்கும். அட்டவணையின் புதிய பதிப்புக்கு தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, பழைய பதிப்பையும் நிரந்தரமாக வையுங்கள். எட்டு வருடம் கழித்து ஒரு கோப்பு ஏன் அழிக்கப்பட்டது என்று கேள்வி வந்தால், அன்றைக்கு நடப்பில் இருந்த பதிப்பைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.